லேபிள் இல்லாத வீட்டுச் சாப்பாட்டில் எத்தனை கலோரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சை ஆனது. வீடு திரும்பியபோது எடை 41 கிலோ. "ஒரு நாளைக்கு 1,600 கலோரியாவது உள்ளே போகணும்" என்று சொல்லி ஒரு உணவுத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதில் இருந்ததெல்லாம் பிரெட் இரண்டு துண்டு, ஓட்ஸ் ஒரு கப், கார்ன்ஃப்ளேக்ஸ், பிஸ்கட். டப்பாவின் முதுகிலேயே எண் அச்சடித்து வருகிற சாமான்கள். அம்மா சாப்பிடுவதோ புழுங்கலரிசிச் சோறு, வத்தக்குழம்பு, இட்லி, கடப்பா, மோர். இதற்கெல்லாம் யாரும் எண் ஒட்டி விற்பதில்லை. அதனால் மயிலாடுதுறையில் எங்கள் அடுப்படியிலேயே ஒரு தராசை வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கினேன். அதைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் கேட்ட கேள்விகள் இவை. எடை ஏற வேண்டியவருக்கும் இறங்க வேண்டியவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

கலோரி, கிலோகலோரி என்று இரண்டு விதமாகப் போடுகிறார்களே, எது சரி?

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டும் ஒன்றே. நாம் பேச்சில் கலோரி என்பது அறிவியல் கணக்கில் கிலோகலோரி. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த சோதனைகளிலிருந்து வந்த சராசரி எண்கள் இவை. இன்றைக்கும் பாக்கெட்டில் அச்சாகும் எண்ணுக்கு அடிப்படை இதுதான். இதில் 9 என்ற எண்ணை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் வரும் பிழையில் பெரும்பங்கு எண்ணெயிலும் தேங்காயிலும்தான் ஒளிந்திருக்கிறது.

மெஸ்ஸிலும் மிட்டாய்க் கடையிலும் ஏன் கலோரி போடுவதில்லை?

போட வேண்டிய கட்டாயம் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவையும்தான் மெனுவில் கலோரி காட்ட வேண்டும். கும்பகோணத்தில் ஒரே கடை வைத்து இட்லி விற்பவரை அது தொடாது. உதிரியாக எடை போட்டுத் தரும் காராசேவுக்கும் லேபிள் வராது.

சரி, வீட்டில் சமைத்ததை எப்படிக் கணக்கிடுவது?

இலையில் விழுந்த பிறகு பார்க்காதீர்கள். அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் பாருங்கள். மொத்த வித்தையும் இவ்வளவுதான். பாத்திரத்துக்குள் போகிற ஒவ்வொன்றையும் பச்சையாக இருக்கும்போதே எடை போட்டு, அதன் கலோரிகளைக் கூட்டுங்கள். வெந்து முடிந்ததும் பாத்திரத்தோடு எடை போட்டு, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். மொத்தக் கலோரியை இந்த எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. அது எவ்வளவு சேர்ந்தாலும், எவ்வளவு ஆவியாகிப் போனாலும், கடைசி எடையில் தானாகவே கணக்காகிவிடும்.

சோற்றையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு ஆழாக்கில் தலை தட்டி அளந்தால் 140 கிராம் அரிசி பிடிக்கிறது. (ஆழாக்கின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். உங்களுடையதை ஒருமுறை எடை போட்டுவிடுங்கள்.) இரண்டு ஆழாக்கு, 280 கிராம். அரிசி 100 கிராமுக்கு 350 என்று வைத்தால் 980 கலோரி. குக்கரில் வெந்தபின் சோறு 780 கிராம் இருந்தது. ஆக, 100 கிராம் சோற்றுக்கு 125 கலோரி. அம்மா தட்டில் 200 கிராம் போட்டால் 250. சோற்றைக் குழைய வேகவைத்த அன்று எடை கூடும், எண் இறங்கும். விறைப்பாக இருந்தால் எண் ஏறும். பாத்திரத்தில் இருப்பது என்னவோ அதே 980-தான்.

பாத்திர எடையைத் தினமும் போடுவது பெரிய தொல்லை. எனக்கு இதற்கு ஒரு வழி கிடைத்தது. நம் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டித் தருவார்கள் அல்லவா? போன தையில் புதுக் குண்டான் வாங்கியபோது, கடைக்காரரிடம் அங்கேயே தராசில் வைக்கச் சொல்லி, அம்மா பேருக்குக் கீழே "640 கி" என்றும் வெட்டித் தரச் சொன்னேன். அவர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அந்தச் சின்ன ஊசி மெஷினால் அழகாகப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார். பழைய பாத்திரங்களுக்கு அடியில் பெயிண்டால் எழுதிவிட்டேன்.

தராசு இல்லை. கரண்டிக் கணக்கில் முடியாதா?

முடியும், கரண்டியை அளந்து வைத்திருந்தால். அரை லிட்டர் பால் பாக்கெட்டை உங்கள் டம்ளர்களில் ஊற்றிப் பாருங்கள். மூன்று டம்ளர் நிறைந்தால் உங்கள் டம்ளர் ஏறத்தாழ 165 மில்லி. அந்த டம்ளருக்குக் குழிக்கரண்டியால் எத்தனை முறை தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் கரண்டியின் அளவும் தெரிந்துவிடும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றுக்கும் இது போதும். சோறு, பொரியல் மாதிரிக் கெட்டிப் பொருளுக்குத் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் ஒரு கரண்டிச் சோற்றை ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தால் ஆயிற்று. ஆனாலும் எண்ணெயை மட்டும் கண்ணால் அளக்காதீர்கள். 5 மில்லி டீஸ்பூன் ஒன்றில் 40 கலோரி, 15 மில்லி பெரிய ஸ்பூனில் 120. கையைச் சாய்த்து ஊற்றும்போது இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

பச்சைப் பொருள்களுக்கு எண் எங்கே கிடைக்கும்?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கு இருக்கிறது. நம் கீரையும் நம் மீனும் நம் பருப்பும் அதில் உண்டு. அந்த நிறுவனத்தின் வேர் நம் மாநிலத்தில்தான். 1918-இல் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம், 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. பெரிபெரி, தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய். சோறே எல்லாமாக இருக்கும் நம் பக்கத்துக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை என்பதால் சொல்கிறேன்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவை, 100 கிராமுக்கு, நினைவில் நிற்கும்படி முழு எண்ணாக்கியவை: அரிசி 350, எல்லாப் பருப்புக்கும் 340, எண்ணெயும் நெய்யும் 900, சர்க்கரை 400, வெல்லம் 380, முற்றிய தேங்காய் 380, வேர்க்கடலை 550, உருளைக்கிழங்கு 70, தயிர் 60, மற்ற காய்கள் 30. கத்தரிக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் தனித்தனி எண் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே பிழை வந்தால் ஐந்தோ பத்தோதான்.

ஆப்பில் அரிசி என்று தேடினால் ஒன்றில் 130, இன்னொன்றில் 356 வருகிறது. எதை நம்புவது?

இரண்டும் சரி. 130 என்பது சோறு, 356 என்பது அரிசி. சோற்றை எடை போட்டுவிட்டு அரிசி என்று பதிந்தால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். என் சித்தி பெண் இப்படித்தான் மத்தியானச் சாப்பாடு மட்டுமே 1,000 கலோரி என்று பயந்து, இரண்டு வாரம் அரைவயிறாகச் சாப்பிட்டாள். பருப்பு, சேமியா, ரவை எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. வெந்ததா, வேகாததா என்று முதலில் பாருங்கள்.

குழம்பு, கூட்டு மாதிரிக் கலந்து செய்வதற்கு?

அதே பாத்திரக் கணக்குதான். கடப்பாவைச் சொல்கிறேன். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்து விட்டதும் சேர்ந்த குழம்பு. எங்கள் வீட்டு அளவு இது: பாசிப்பருப்பு 100 கிராம், 340 கலோரி. உருளைக்கிழங்கு 250 கிராம், 175. அரை மூடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துருவிய தேங்காய் 110 கிராம், 420. பொட்டுக்கடலை 20 கிராம், 75. வெங்காயமும் தக்காளியுமாக 60. தாளிக்க இரண்டு பெரிய ஸ்பூன் எண்ணெய், 240. கூட்டினால் 1,310. இறக்கியபோது 1,600 கிராம் இருந்தது. ஆக 100 கிராமுக்கு 82.

இந்தக் கணக்கை முதல்முறை எழுதியபோது நான் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பருப்புக் குழம்பு, கிழங்குக் குழம்பு என்று இத்தனை வருடம் நினைத்ததில் பாதி, தேங்காயும் எண்ணெயும். 660 கலோரி அந்த இரண்டில் மட்டும். அம்மாவுக்கு அது வரம். அவரால் அதிகம் சாப்பிட முடியாது, அதனால் சின்னக் கிண்ணத்தில் நிறைய சக்தி போக வேண்டும். எடை குறைக்க வேண்டிய என் அண்ணனுக்குத் தேங்காயைப் பாதியாக்கி, பொட்டுக்கடலையை ஒரு ஸ்பூன் கூட்டிச் செய்தோம். ருசி அவ்வளவாகக் குறையவில்லை.

சாம்பார் இதற்கு நேர்மாறு. 100 கிராம் துவரம்பருப்பில் ஒன்றரைக் கிலோ சாம்பார் வந்தது. எல்லாம் சேர்த்து 100 கிராமுக்கு 45-ஐத் தாண்டவில்லை. ரசத்துக்கு நான் கணக்கே எழுதுவதில்லை.

இட்லி, தோசை?

மாவை எடை போடுங்கள். 400 கிராம் இட்லி அரிசி, 100 கிராம் உளுந்து. மொத்தம் 1,740 கலோரி. கிரைண்டரிலிருந்து வழித்தபோது 1,400 கிராம் மாவு. 100 கிராம் மாவுக்கு 124. எங்கள் தட்டுக் குழியில் 45 கிராம் மாவு பிடிக்கும், ஆகவே இட்லி ஒன்று 56. தோசைக்கு 70 கிராம் மாவு, 87. சுற்றி ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் 127. கடைத் தோசையில் மாவு கூட, எண்ணெய் அதைவிடக் கூட. அதை 200-க்குக் குறைத்து எழுத வேண்டாம்.

வடை எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று எப்படித் தெரியும்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் பதில் அடுப்பின் மேலேயே இருக்கிறது. வாணலியில் எண்ணெய் ஊற்றியதும் வாணலியோடு எடை போடுங்கள். வடை எல்லாம் பொரித்து முடித்து, எண்ணெய் நன்றாக ஆறியபின் மறுபடி எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் வடைக்குள் போனது. அரித்தெடுத்த தூளையும் தாளில் ஒட்டிய துளியையும் விட்டுத்தள்ளலாம். (சூட்டோடு தராசில் வைத்துவிடாதீர்கள், ஆபத்து.)

பொங்கலன்று 250 கிராம் உளுந்து போட்டோம், 850 கலோரி. எண்ணெய் 70 கிராம் குறைந்தது, 630. மெதுவடை 16 வந்தது. ஒன்று 92. இன்னொரு நாள் மாவு நீர்த்துப்போய், எண்ணெயும் சரியாகக் காயாமல் போட்டபோது அதே அளவு மாவுக்கு 100 கிராமுக்கு மேல் எண்ணெய் இறங்கியிருந்தது. "எண்ணெய் குடிச்சிடுச்சு" என்று அம்மா சொல்வதை அன்று எண்ணில் பார்த்தேன். டீக்கடை வடை நம்முடையதைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கனம். 150 என்று வையுங்கள். முறுக்கு, காராசேவு, மிக்சர் எதுவானாலும் 100 கிராமுக்கு 500 என்றே நான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி சாப்பிட்டால் கலோரி குறையுமா?

குறையாது. மாப்பிள்ளைச் சம்பாவோ, தூயமல்லியோ, ஆடுதுறை 45-ஓ, பொன்னியோ, 100 கிராம் அரிசிக்கு 350-ஐ ஒட்டித்தான் வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் மூலம் எத்தனையோ பாரம்பரிய ரகங்கள் திரும்பவும் வயலுக்கு வந்தன. அந்த அரிசிகளை நானும் ஆசையாக வாங்குகிறேன். தீட்டாமல் சாப்பிட்டால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் கூடுதலாகக் கிடைக்கும், மென்று சாப்பிடுவதால் சீக்கிரம் வயிறு நிறையும். அதற்காக வாங்குங்கள். "கலோரியே இல்லை" என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். புழுங்கலரிசிக்கும் பச்சரிசிக்கும்கூடக் கலோரியில் வித்தியாசம் இல்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் (பி1 வைட்டமின்) உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டியபிறகும் புழுங்கலில் அது அதிகம் மிஞ்சும். அதுதான் அதன் பெருமை.

பழைய சோறு?

நேற்றைய சோற்றின் எண்தான் இன்றைக்கும். ஊற்றிய தண்ணீரால் எடை கூடியிருக்கும், அதனால் பழையதை எடை போடாதீர்கள். இரவு தண்ணீர் ஊற்றும் முன்பே சோற்றை எடை போட்டு எழுதிவிடுங்கள். ஊறும்போது புளிப்பதில் கொஞ்சம் மாவுச்சத்து செலவாகும், கணக்கில் எழுதும் அளவுக்கு இல்லை.

டிகிரி காபி ஒன்றுக்கு?

பாலைப் பொறுத்தது. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. 100 மில்லிக்கு நீலம் 60 பக்கம், ஆரஞ்சு 90 பக்கம். டிகாக்ஷனுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை 40. ஆக, டவரா டம்ளர் ஒன்று 100 முதல் 130 வரை. நாளைக்கு நான்கு காபி குடிக்கிற வீட்டில் அது ஒரு வேளைச் சாப்பாடு.

கடையில் வாங்குவதை எப்படி மதிப்பிட?

வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தவரைக் கேட்டால் தெரிந்துவிடும். திருவையாற்று அசோகா அல்வாவுக்கு என் அத்தை சொன்ன அளவு: பாசிப்பருப்பு 100 கிராம், சர்க்கரை 300, நெய் 150, கோதுமை மாவு 30. கூட்டினால் 2,990 கலோரி. கிண்டி இறக்கியபோது 770 கிராம். 50 கிராம் கிண்ணம் ஒன்று 195 கலோரி. பரோட்டாவுக்கு மைதா 60 கிராம், எண்ணெய் 10 கிராம் என்று வைத்தாலே 300 வந்துவிடுகிறது. நாகூரில் சாப்பிட்டாலும் நாச்சியார்கோவிலில் சாப்பிட்டாலும் அதற்குக் கீழே எழுதாதீர்கள். இளநீர் ஒன்று 60. கரும்புச்சாறு ஒரு டம்ளர் 100-க்குக் கிட்ட.

மீன், வாழைப்பழம் போன்றவற்றில் தோலும் முள்ளும் போய்விடுமே?

சாப்பிடுகிற பாகத்தை மட்டும் எடை போடுங்கள். பழத்தை உரித்தபின் வையுங்கள், 100 கிராமுக்கு 100 கலோரி. சின்னப் பூவன் ஒன்று 50, 60. மீனுக்கு, சாப்பிட்டு முடித்து ஒதுக்கிய முள்ளை எடை போட்டுக் கழிப்பதே சுலபம். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீன்களில் கொழுப்பில்லாத வெள்ளை மீனுக்கு 100 கிராமுக்கு 100, மத்திக்கு 150. வறுத்தால் எண்ணெய் தனி.

கல்யாண வீட்டு இலைக்கு?

அங்கே தராசை எடுக்காதீர்கள். பந்தியில் பாசமாகப் பரிமாறுகிறவர் முன்னால் அது வேண்டாம். நான் ஒருமுறை வீட்டுக்கு வந்து, நினைவிலிருந்து எழுதினேன்: சோறு 350 கிராம் 440, பருப்பும் நெய்யும் 100, சாம்பார் 60, கூட்டு பொரியல் 150, வடை 150, அப்பளம் 50, பாயசம் 180, இனிப்பு ஒன்று 150, மோர் 40. மொத்தம் 1,320. அன்று இரவு இரண்டு இட்லியோடு நிறுத்தினால் நாள் சரியாகிவிடும்.

எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வெளியிட்ட அளவின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு 2,110, 55 கிலோ பெண்ணுக்கு 1,660. கடும் உழைப்பாளிக்கு முறையே 3,470, 2,720. குறுவை நடவில் காலை முதல் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும் பேங்க் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் நடுவே ஆயிரம் கலோரி வித்தியாசம். வயலில் உழைத்த காலத்துத் தட்டளவை, வயலை விட்டு வந்தபிறகும் அப்படியே வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. எங்களுடையதும் ஒன்று. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எண்களைப் பார்த்து நீங்களாகச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிக்கு இந்தக் கணக்கு போதுமா?

போதாது. அவர்களுக்கு மொத்தக் கலோரியோடு மாவுச்சத்தின் அளவும் தெரிய வேண்டும். 100 கலோரிச் சோறும் 100 கலோரி வேர்க்கடலையும் ரத்தத்தில் ஒரே மாதிரி ஏறாது. அதே பாத்திரக் கணக்கில் மாவுச்சத்துக்கு இன்னொரு வரிசை போட்டு எழுதலாம். இன்சுலின் போடுகிறவர்கள் அந்த நோட்டோடு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

இத்தனை செய்தும் கணக்கு சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டுக் கணக்கில் நூற்றுக்குப் பத்து முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், அது போதும். அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, மாதக் கடைசியில் மளிகைச் சீட்டை எடுங்கள். நோட்டில் எழுதிய எண்ணெயைக் கூட்டி, வாங்கிய எண்ணெயோடு ஒத்துப்பாருங்கள். எங்கள் மூன்று பேருக்கு முதல் மாதம் நோட்டில் 2.2 லிட்டர் வந்தது. தீர்ந்துபோனதோ 3 லிட்டர். காணாமல் போன 800 மில்லி என்பது 6,500 கலோரிக்கு மேல், ஆளுக்கு ஒரு நாளைக்கு 70-க்குச் சற்று மேல். இரண்டு நாள் அடுப்படியில் நின்று கவனித்தேன். தோசைக்கல்லைச் சுற்றி எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராக விட்டதும், இட்லி மிளகாய்ப்பொடிக் குழியில் நல்லெண்ணெயை நிரப்பியதும் நோட்டில் ஏறவே இல்லை. இப்போது தூக்குக்குள் ஒரு 5 மில்லி ஸ்பூன் கிடக்கிறது.